சாதிக் கயிறு ஆய்வுக்கு யார் பணம் தருவார்கள்?

14 ஜூலை 2024, ஒரு வாசகர் கேட்டது

"தென் மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் போகிறது. மாணவர்கள் தங்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றை வைத்து யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, சண்டை எங்கே தொடங்குகிறது என்று மூன்று ஒன்றியங்களில் பார்க்க ஆசை. மூன்று லட்சம் இருந்தால் போதும். வெறுப்பு, பாகுபாடு பற்றிய வேலைகளுக்கு வெளிநாட்டு அறக்கட்டளைகள் நிறையக் கொடுக்கின்றன என்கிறார்கள். யாருக்கு எழுதுவது?"

14 ஜூலை, இரவு

யாருக்கும் எழுதாதீர்கள். வெளிநாட்டுப் பணம் என்ற நினைப்பை முதலில் தள்ளி வையுங்கள். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நாங்கள் எஃப்சிஆர்ஏ என்போம், தனி ஆளையும் விடாது. கல்வி, சமூகம் என்று ஒரு வேலைத்திட்டம் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து பணம் வாங்கினால் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறிப்பிட்ட பணத்துக்கு முன் அனுமதி வேண்டும். பதிவு கேட்கும் டிரஸ்ட் மூன்று வருடமாவது ஓடியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் தன் முக்கிய வேலைகளுக்குப் பத்து லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்கும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான், முன்பு 50 இருந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய அடி, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே திருத்தத்தில் வந்தது. முன்பெல்லாம் நகரத்தில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி ஏழெட்டு சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒன்றிய அளவில் நாலு பேர் சைக்கிளில் போய் வன்கொடுமை வழக்கு விவரம் சேகரித்ததெல்லாம் அந்தப் பணத்தில்தான், நான் ஆறு வருடம் சம்பளம் வாங்கியதும் அதில்தான். அந்தக் குழாயை அடைத்தாயிற்று.

15 ஜூலை

இரண்டு திருத்தம். ஒன்று, பத்து லட்சம் என்றேன், அது பழைய கணக்கு, 2020 நவம்பர் விதிகளில் அதைப் பதினைந்து லட்சம் ஆக்கிவிட்டார்கள். சுட்டிக்காட்டிய ஆடிட்டர் நண்பருக்கு ஒரு கும்பிடு.

இரண்டாவது, நேற்றே கேட்டிருக்க வேண்டியது. நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியரா? ஆம் என்றால் நான் எழுதியது மொத்தமும் வீண். அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது என்று அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது.

15 ஜூலை, மாலை

அரசுப் பள்ளிதானாம். சரி, அந்தக் கதை முடிந்தது. உள்ளூரில் தேடுவோம்.

21 ஜூலை

உள்நாட்டு ஆய்வுப் பணம் என்றால் முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஐசிஎஸ்எஸ்ஆர், 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு. முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 20,000, வருடச் செலவுக்குத் தனியாக 20,000. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை, ஜேஆர்எஃப், கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகை தனியாக உண்டு. சிறுபான்மையினருக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று இருந்தது, 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஏன் என்றதற்கு மற்ற திட்டங்களோடு மேற்படிகிறது என்று பதில். ஒருவருக்கு இரண்டு உதவித்தொகை கிடைக்காதபோது மேற்படிந்தால் என்ன, மேற்படியாவிட்டால் என்ன.

வெளிநாட்டில் போய்ப் படிக்க பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் தேசிய உதவித்தொகை ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022இல் அதன் விதியை மாற்றினார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது. அதாவது சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று வைத்த பணத்தில் சாதியைப் பற்றிப் படிக்க முடியாது. கடல் நீரோட்டம் பற்றிப் படிக்கலாம்.

தலைப்பு பற்றி ஒரு யோசனை சொல்கிறேன். "சாதிக் கயிறு", "வெறுப்பு", "வன்முறை" என்ற சொற்களை விண்ணப்பத்தின் தலைப்பில் போடாதீர்கள். "பள்ளிச் சூழலில் சமூக ஒருங்கிணைவு: ஒரு கள ஆய்வு" என்று போடுங்கள். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்பதை முறையியல் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். நாங்கள் இப்படித்தான் செய்தோம், பணமும் வந்தது.

21 ஜூலை, பத்து நிமிடம் கழித்து

மறந்தே போனேன், நீங்கள் பகுதி நேரம். மேலே சொன்ன உதவித்தொகை எல்லாமே முழுநேர ஆய்வாளருக்கு. உங்களுக்கு வழி ஐசிஎஸ்எஸ்ஆரின் ஆய்வுத் திட்ட நிதிதான், அதையும் உங்கள் வழிகாட்டி தன் பெயரில், தன் பல்கலைக்கழகம் வழியாகக் கேட்க வேண்டும். நீங்கள் களப்பணியாளர். பெயர் அவருக்கு, வெயில் உங்களுக்கு.

22 ஜூலை

"சமூக ஒருங்கிணைவு" என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் டீ குடிப்பது, எந்த டம்ளரில் என்று கேட்காமல் இருப்பது.

4 ஆகஸ்ட்

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, பற்றிக் கேட்டார்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் கம்பெனி கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்கு ஒதுக்க வேண்டும். எதற்கெல்லாம் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. கழிப்பறை, மரம் நடுவது, விளையாட்டு என்று போகிற அந்தப் பட்டியலின் மூன்றாவது வரியில், பாலினச் சமத்துவத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு, "சமூக, பொருளாதார ரீதியாகப் பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் நடவடிக்கைகள்" என்கிற பொருளில் ஒரு துண்டு இருக்கிறது. உங்கள் ஆய்வு நிற்க இடம் அந்த ஒரு துண்டுதான். விண்ணப்பத்தில் அதை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

கம்பெனி தனி ஆளுக்குக் கொடுக்காது. வருமான வரித் துறையில் 12ஏபி, 80ஜி பதிவு உள்ள டிரஸ்ட் வேண்டும், அது கம்பெனிகள் அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டிருக்க வேண்டும், மூன்று வருட அனுபவம் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், கண்தானமோ மாலை நேர வகுப்போ நடத்திக்கொண்டு.

நான் ஒரு முறை அப்படிப் போயிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைக்கும் இரட்டைக் குவளையை இருபது நிமிடம் விளக்கினேன், அந்த அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார், முகத்தில் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "இதில் திறப்பு விழா மாதிரி ஏதாவது வருமா?" அவரையும் குறை சொல்ல முடியாது, கழிப்பறைக்கு ரிப்பன் இருக்கிறது, ஆய்வறிக்கைக்கு எதை வெட்டுவது. கடைசியில் அந்த ஊர் நூலகத்துக்கு நாலு அலமாரி வாங்கிக் கொடுத்தார்கள். அலமாரி நன்றாகவே இருந்தது.

11 ஆகஸ்ட்

பட்ஜெட்டைப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய மூன்று லட்சக் கணக்கில் டேப்லெட் கணினி ஐந்து, 75,000. எதற்கு? தாளில் எழுதுங்கள். டேப்லெட்டை எடுத்தால் பள்ளியில் நீங்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் ஆகிவிடுவீர்கள்.

இல்லாதது எது என்று பார்த்தால், பிள்ளைகள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பேச பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும், பல்கலைக்கழக எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உங்கள் பள்ளியிலேயே ஆனாலும் வேண்டும், இன்னும் சொன்னால் உங்கள் பள்ளியில்தான் முக்கியமாக வேண்டும், மார்க் போடுகிறவர் கேள்வி கேட்டால் பிள்ளை என்ன பதில் சொல்லும்? படிவம் அச்சடிக்க, வீடு வீடாகப் போக, ஒரு ஆலோசகரைக் கூட வைத்துக்கொள்ள, இதற்கெல்லாம் பணம் ஒதுக்காத ப்ரொபோசலை நான் மதிப்பீட்டாளராக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

அப்புறம் உங்கள் கேள்வித்தாளில் 7ஆவது கேள்வி, "உன் கயிற்றின் நிறம் எந்தச் சாதியைக் குறிக்கிறது?" இதை ஒரு ஆறாம் வகுப்புப் பையனிடம் கேட்டால், அதுவரை தெரியாதவனுக்கும் நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிறது. அடுத்த மணி அடிப்பதற்குள் வகுப்பே ஒருவர் கையை ஒருவர் பார்க்கும். எடுத்துவிடுங்கள்.

12 ஆகஸ்ட்

நாங்கள் முன்பு நடத்திய இரட்டைக் குவளை ஆய்வில் பணம் எங்கே போனது என்று கேட்டவருக்கு. டீக்கு.

சிரிக்க வேண்டாம். கடையில் எந்த டம்ளரில் யாருக்குத் தருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடிக்க வேண்டும், ஒன்று குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. நாளைக்கு ஐந்து ஊர், ஊருக்கு இரண்டு கடை, ஒரு கடையில் குறைந்தது இரண்டு டீ. மூன்று மாதத்தில் எனக்கு வயிறு போனதுதான் மிச்சம். வருடக் கடைசியில் ஆடிட்டர் பில் கேட்கிறார். இரண்டு டம்ளர் வைத்திருக்கிற கடைக்காரர் பில் புத்தகம் வைத்திருப்பாரா? வவுச்சரில் கையெழுத்து கேட்டால் எதற்கு என்பார். தீண்டாமையைக் கணக்கெடுத்ததற்கு என்றா சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் பல கடைகள் பேப்பர் கப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் பிரச்சினை இல்லை என்று படிவத்தில் "இல்லை" போட்டோம். இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தோம், சில கடைகளில் பேப்பர் கப் காலனிக்காரர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் அப்படியே இருந்தது. போட்ட "இல்லை" எல்லாவற்றையும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. திரும்பவும் டீ.

2 செப்டம்பர்

யாரும் கவனிக்காத ஒரு இடத்தைச் சொல்கிறேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று காலத்துக்குக் காலம் ஆய்வு நடத்துவதை அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 1995 விதிகளில் 3ஆவது விதியைப் படியுங்கள், விழிப்புணர்வு மையங்களும் பயிலரங்குகளும் நடத்தத் தன்னார்வ அமைப்புகளை ஊக்குவித்து அதற்கு நிதி உதவியும் தர வேண்டும் என்று மாநில அரசுக்குச் சொல்கிறது. பணம் கேட்க உங்களுக்குச் சட்டத்திலேயே வரி இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய் நின்று கேளுங்கள்.

நான் கேட்டேனா? கேட்டேன். ஒரு மாவட்டத்தில் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், இந்த விதியின் கீழ் ஐந்து வருடத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று. வந்த பதில் ஒரு வரி: இப்பொருள் குறித்த கோப்பு ஏதும் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. அந்தத் தாளையே அடுத்த விண்ணப்பத்தில் இணைப்பாக வைத்தேன், தேவை என்ன என்று நிரூபிக்க அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

தேவை நிரூபணம் என்றதும் ஞாபகம் வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) 2022 அறிக்கையில் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 57,582 என்று இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் முதல் பத்தியில் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கயிறு அதில் எங்கே வருகிறது? காவல் நிலையம் வரை போனது மட்டும்தான் அந்த எண். நம் சட்டத்தில் வெறுப்புக் குற்றம் என்று தனி வகையே கிடையாது. இந்த ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் என்று 103இல் ஒரு உட்பிரிவு வந்திருக்கிறது. கொடுங்காயத்துக்கு 117இல் அதே மாதிரி ஒன்று உண்டு. வகுப்பில் ஒதுக்கி வைப்பதற்கு இரண்டிலும் இடம் இல்லை. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கையை முதல் பத்தியில் வையுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த குழு, இந்த ஜூனில்தான் அறிக்கை கொடுத்தார், கையில் வண்ணக் கயிறு கூடாது என்பதே அதில் ஒரு பரிந்துரை. உங்கள் தலைப்புக்கு அரசே முன்னுரை எழுதிக் கொடுத்த மாதிரி.

13 அக்டோபர்

ஜூலை 21இல் தலைப்பை மழுப்பச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் கண்டித்து எழுதவில்லை, எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

நாங்கள் வாங்கியதாகச் சொன்ன அந்தப் பணத்தின் கதையைப் பாதிதான் சொன்னேன். திட்டத்தின் பெயர் "சமூக நல்லிணக்கம்" என்று இருந்தது. பேனர் அடித்தோம், அதிலும் அதே பெயர். ஊருக்குள் போனதும் முதலில் வரவேற்றது ஊர்ப் பெரியவர்கள், அதாவது எந்தத் தெரு பெரியவர்கள் என்று உங்களுக்கே தெரியும். நாற்காலி போட்டார்கள், கூல்டிரிங்ஸ் வந்தது. "இங்கே எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் சார் இருக்கோம், நல்லிணக்கத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்ல." காலனியிலிருந்து வந்தவர்கள் பின்னால் நின்றார்கள், தலையாட்டினார்கள். நாங்கள் எழுதிக்கொண்டோம். மாலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா கேட்டார், "நீங்க சமாதானம் பேச வந்தவுகளா? எங்க பையன் கேஸை வாபஸ் வாங்கச் சொல்லுவீகளா?" அந்த ஊரில் அப்போது ஒரு வன்கொடுமை வழக்கு நடந்துகொண்டிருந்தது, நல்லிணக்கம் என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் வழக்கை முடித்துக்கொள்வது. எங்கள் பேனரைப் பார்த்தவுடன் அவர்கள் வாயை மூடிக்கொண்டதில் தப்பே இல்லை.

பத்தொன்பது ஊர் அறிக்கை அப்படித்தான் முடிந்தது. நன்கொடையாளருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதனால் கயிறு என்றே போடுங்கள், சாதி என்றே போடுங்கள். பத்து இடத்தில் ஒன்பது இடம் திருப்பி அனுப்பும். மீதி ஒன்று எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கும்.

14 அக்டோபர்

"சொல்வது எளிது, நேர்மையாகப் பெயர் வைத்தவர்கள் என்ன ஆனார்கள்" என்று ஒரு பதில். நியாயம்தான். குஜராத்தில் நவசர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் தீண்டாமை பற்றி எடுத்த கணக்கெடுப்பு 2010இல் வெளிவந்தது, இந்த மாதிரி வேலையில் அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொன்று தெரியாது. 2016 டிசம்பரில் அதன் எஃப்சிஆர்ஏ பதிவை ரத்து செய்தார்கள். ஆய்வால்தான் ரத்து என்று நான் சொல்லவில்லை. பெயரை மழுப்பியிருந்தால் தப்பித்திருக்குமா என்றும் தெரியாது.

உத்தப்புரத்தையும் நினைத்துப் பாருங்கள். தலித் மக்களைப் பிரித்து 1989இல் கட்டிய சுவர், 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்தார்கள். அது வெளியே தெரிய வந்தது தீண்டாமை ஒழிப்பு முன்னணிக்காரர்கள் மதுரை மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் எடுத்த கள ஆய்வில். அதில் நன்கொடையாளர்கள் கேட்கும் இலக்கு அட்டவணையான லாக் ஃபிரேம் இருந்திருக்காது, எனக்குத் தெரிந்தவரை இயக்கக்காரர்கள் கையில் லாக் ஃபிரேம் நிற்பதும் இல்லை. மூன்று லட்சம் வேண்டும் என்ற கணக்கையே மறுபடி பாருங்கள் என்று சொல்ல வந்தேன்.

15 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி போனில் திட்டினார். காசு இல்லாமலும் செய்யலாம் என்று சொல்வது எப்போதும் சம்பளம் வாங்கி முடித்தவர்கள்தானாம். களத்தில் ஓடுகிற பையன்களுக்கு நாளைக்கு 500 ரூபாயாவது கொடுக்காமல் "அர்ப்பணிப்பு" கேட்பதும் ஒரு பழைய சாதிப் பழக்கம் என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. களப்பணியாளர் கூலியைக் குறைக்காதீர்கள், டேப்லெட்டைத்தான் குறைக்கச் சொன்னேன்.

9 பிப்ரவரி 2025

வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். வழிகாட்டி பெயரில் போட்ட விண்ணப்பம் இன்னும் கிடப்பில். தலைப்பில் "சாதி" இருக்கிறது, வழிகாட்டி இரண்டு முறை கேட்டுவிட்டாராம், இருக்கட்டுமா என்று. கல்வித் துறை அனுமதி மூன்று ஒன்றியத்தில் இரண்டுக்கு வந்திருக்கிறது. முன்னாள் மாணவர் சங்கம் ஒன்று 40,000 கொடுத்திருக்கிறது, இன்னொருவர் படிவம் அச்சடித்துத் தருகிறார். தன் கையிலிருந்து 30,000. ஒரு ஒன்றியத்தோடு தொடங்கப் போகிறார்.

அமெரிக்க உதவியை 90 நாள் நிறுத்தி வைத்துவிட்டார்களே, இது நம்மைப் பாதிக்குமா என்று இன்னொருவர் கேட்கிறார். இந்த 70,000 ரூபாய் ஆய்வைப் பாதிக்காது.

புது பட்ஜெட்டைப் பார்த்தேன். 7ஆவது கேள்வி போய்விட்டது, நல்லது. பேட்டிகளைக் கேட்டு எழுத ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு மணி நேரக் கூலி போட்டிருக்கிறீர்கள், போதவே போதாது. எனக்கு ஆறு மணி நேரம் ஆனது, அதிலும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், பெயரை எல்லாம் மாற்றி எழுத வேண்டும். அந்த வரியை மூன்று மடங்காவது ஆக்குங்கள், பயணத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

டீ என்று ஒரு வரி தேடினேன், இல்லை. பெற்றோர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் தெருமுனைக் கடையில் உட்காராமல் முடியாது. நாங்கள் கடைசியில் ஆடிட்டரோடு பேசி ஒரு வவுச்சர் மாதிரி செய்தோம், கடைக்காரர் கையெழுத்து இல்லாமல் குழுவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், நாள், ஊர், எத்தனை டீ. அவர் ஏற்றுக்கொண்டார். வேண்டுமானால் அனுப்புகிறேன்.